பிரசவம் துபாயில், பத்திரம் தென்காசியில்

எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பண்பொழி. நாலே எழுத்து. பேச்சில் அதையும் சுருட்டிப் 'பம்புளி' என்போம். குற்றாலத்துக்குச் சாரலில் நனைய வருகிறவர்களில் பலர், திருமலைக் குமாரசாமியைத் தரிசிக்க எங்கள் ஊர்ப் பக்கம் வருவதுண்டு. நீங்களும் வந்திருக்கலாம். மலையும் வயலும் பார்த்து, "அடடா, என்ன குளிர்ச்சி!" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள்.

கஷ்டமெல்லாம் அந்தப் பெயரை இங்கிலீஷில் எழுதும்போதுதான். 'ழ' என்ற எழுத்துக்கு வெள்ளைக்காரன் வழி செய்துவிட்டுப் போகவில்லை. ஒரு குமாஸ்தா அதற்கு 'எல்' போடுவார். இன்னொருவர் 'இஸட்', 'ஹெச்' என்று இரண்டு எழுத்தைச் சேர்ப்பார். மூன்றாமவர் பேச்சு வழக்கைக் காதில் வாங்கிக்கொண்டு 'பம்' என்றே ஆரம்பித்துவிடுவார். என் பாஸ்போர்ட்டில் எங்கள் ஊர் ஒரு விதம். என் கணவர் பாஸ்போர்ட்டில் வேறு விதம். எங்கள் கல்யாண சர்ட்டிபிகேட்டில் மூன்றாவது விதம். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளித்தான். காகிதத்திலோ நாங்கள் மூன்று ஊர்க்காரர்கள்!

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் திர்ஹம் செலவாயிற்று. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து பெண்ணோ மருமகளோ அயல்நாட்டுக்குக் குடித்தனம் போவதாக இருந்தால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

கல்யாணம் 2018 தை மாதம் திருமலைக் கோயிலில் நடந்தது. கோயில் ரசீதும் போட்டோ ஆல்பமும் இருந்தால் போதும் என்று நினைக்கிற காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி எந்த ஜாதி, எந்த மதக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; ஒழுங்குக்காரர். பதினைந்தாம் நாளே பதிவை முடித்துவிட்டார். சர்ட்டிபிகேட்டைக் கையில் வாங்கிப் படித்தவர், "ஏட்டி, நம்ம ஊர் 'ழ'வைக் கொன்னு போட்டானே!" என்று மட்டும் சொன்னார். அது இலக்கண வருத்தம் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

கணவர் துபாயில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர். மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு நான்கு முத்திரை வேண்டும். முதலில் நம் மாநில அரசாங்கம். அப்புறம் மத்திய அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சகம். அப்புறம் அமீரகத் தூதரகம். துபாயில் போய் இறங்கிய பிறகு அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். அப்பா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, உறையைத் துண்டில் சுற்றி, பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொண்டுபோனார். இரவெல்லாம் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்தாராம். கல்யாண நகைக்குக்கூட அவர் இவ்வளவு காவல் காத்ததில்லை.

முத்திரைகள் விழுந்தன. நானும் பத்திரிகை உத்தியோகத்தை விட்டுவிட்டு 2018 ஜூன் மாதம் விமானம் ஏறினேன். ஊரில் சாரல் தொடங்கிய வாரம். துபாயில் விமானத்தை விட்டு இறங்கியதும் கும்மட்டி அடுப்புக்குள் தலையை நீட்டியது போல் இருந்தது.

இனி வைத்தியச் செலவு. துபாயில் 2013-ஆம் வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே வசிக்கிற ஒவ்வொருவருக்கும் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் இருந்தே தீர வேண்டும். வேலைக்காரருக்கு முதலாளி எடுக்க வேண்டும். அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மனைவி மக்களுக்கு யார் விசா எடுத்துத் தருகிறாரோ அவர் எடுக்க வேண்டும். அதாவது எனக்கு என் கணவர். குறைந்த சம்பளக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கனத் திட்டம் உண்டு. வருஷத்துக்கு 1,50,000 திர்ஹம் வரை வைத்தியம் பார்க்கலாம். ஆனால் டாக்டரைப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு நம் கைப்பணம். பிரசவத்துக்குத் தனிக் கணக்கு: சுகப்பிரசவமானால் 7,000 திர்ஹம் வரை, ஆபரேஷனானால் 10,000 வரை கம்பெனி பார்த்துக்கொள்ளும், அதிலும் பத்தில் ஒரு பங்கு நம்முடையது, அந்த வரம்புக்கு மேல் போனால் முழுவதும் நம்முடையது. மணமான பெண் என்றால் பிரீமியமும் அதிகம். பிள்ளை பெறுவாளே என்ற பயம் கம்பெனிக்கு! அப்போது ஒரு திர்ஹம் ஏறக்குறைய 19 ரூபாய். நான் எதை வாங்கினாலும் பத்தொன்பதால் பெருக்கிப் பார்ப்பேன். கணவர் கோபித்துக்கொள்வார். "பெருக்கினால் இங்கே ஒரு கத்தரிக்காய்கூட வாங்க முடியாது" என்பார். வாஸ்தவம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அவரே பெருக்கிப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

நான் முழுகாமல் இருந்தபோது முதல் தடவை ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போனோம். நாடி பார்க்குமுன் கல்யாண சர்ட்டிபிகேட்டைக் கேட்டார்கள். அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டம் அப்படி. 2022-ல்தான் அது தளர்ந்தது. அப்பா தலைக்கு வைத்துப் படுத்த காகிதத்தின் அருமை அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

பிரசவத்துக்கு அம்மாவால் வர முடியவில்லை. விசா, டிக்கெட் என்று கணக்குப் போட்டுவிட்டு, "நீ இங்க வந்திரு தாயி" என்றாள். எட்டாம் மாதத்தில் விமானத்தில் ஏற டாக்டர் சம்மதிக்கவில்லை. ஊரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என் மதினியே சாட்சி. அதே வருஷம் அவளுக்குத் தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். பிரசவத்துக்கு ஒரு பைசா பில் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசாங்கம் கொடுக்கிற பேறுகால உதவி 18,000 ரூபாயும் தவணை தவணையாக வந்தது. "ஒனக்கு எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்டாள் மதினி. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதுல நம்ம வீட்டுக்கு மாடி எடுத்திரலாமே!" என்றாள்.

அம்மா வருவதற்குப் பதிலாகப் பார்சல் வந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம், பிரசவ லேகியம். நல்ல வேளையாகக் கசகசாவைச் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். நாம் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். அமீரகத்தில் அது போதைச் செடியின் விதை என்று தடை செய்யப்பட்ட பொருள். பெட்டியில் கண்டால் போலீஸ் வரை போய்விடும். உங்களில் யாராவது மகளுக்கு மசாலாப் பொடி அரைத்து அனுப்புகிறவராக இருந்தால் இதை மட்டுமாவது கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2019 அக்டோபர் 9-ந் தேதி பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். ழகரமோ ளகரமோ இல்லாத பெயராகத் தேடி, இரண்டே எழுத்தில் வைத்தோம். அங்கே பிறப்புச் சர்ட்டிபிகேட் அரபியிலும் இங்கிலீஷிலும் இருக்கும். எந்தப் பாஷையிலும் கெடாத பெயராக இருக்கட்டும் என்று. பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பெரியவளாகிச் சண்டைக்கு வருவாள்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. துபாயில் பிறந்த குழந்தைக்கு முதல் 30 நாள் தாயின் இன்ஷூரன்ஸ் கார்டே செல்லும். முப்பத்தோராம் நாளிலிருந்து அதற்கென்று தனிக் கார்டு வேண்டும். கார்டுக்கு விசா வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அமீரகத்தில் பிறந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. ஆகவே நம் நாட்டுப் பாஸ்போர்ட்தான். நம் சட்டப்படி அயல்நாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் நம் தூதரகத்தில் பதிய வேண்டும்; அப்போதுதான் அது இந்தியப் பிரஜை. விசாவுக்கு அவர்கள் 120 நாள் தவணை தருகிறார்கள், கடந்தால் அபராதம். விசாவுக்கு 120, இன்ஷூரன்ஸுக்கு 30. இரண்டுக்கும் நடுவில் குழந்தை காகிதமில்லாமல் நிற்கிறது. ஜலதோஷத்துக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாதே!

என் கணவர் விரைந்துதான் ஓடினார். எட்டாம் நாளில் பிறப்புச் சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. பன்னிரண்டாம் நாளில் பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுக்கக் கவுண்டரில் நின்றோம். அங்கிருந்தவர் மரியாதையான மனிதர். காகிதங்களைப் புரட்டினார், மறுபடியும் புரட்டினார்.

"அம்மா, உங்கள் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லையே?"

கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட். கல்யாண சர்ட்டிபிகேட்டைக் காட்டினேன்.

"சரி. இதில் இருக்கிற ஊர் எது? சார் பாஸ்போர்ட்டில் இருக்கிற ஊர் எது? உங்களுடையதில் இருப்பது எது?"

"மூன்றும் ஒரே ஊர்தான் சார்."

"இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மதுரைக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் அவருக்கே தெரியாது. மூன்றும் ஒன்றுதான் என்று ஊரிலிருந்து ஒரு காகிதமும், இங்கே நாங்கள் இருவரும் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும் என்றார். அப்பாவுக்குப் போன் போட்டோம். பாவம், மறுபடியும் துண்டும் பிளாஸ்டிக் உறையுமாகப் புறப்பட்டார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். நடுவில் தீபாவளி வந்தது, லீவு வந்தது, கையெழுத்துப் போடுகிறவர் முகாம் போயிருந்தார். காகிதம் கூரியரில் எங்கள் கைக்கு வந்தபோது குழந்தைக்கு முப்பத்திரண்டு நாள். மனுவை ஏற்றுக்கொண்டார்கள். பாஸ்போர்ட் வரக் காத்திருந்தோம்.

நாற்பத்திரண்டாம் நாள், நவம்பர் 19, சாயங்காலம். காலையிலிருந்தே பால் குடிக்கவில்லை. மூக்கடைப்பு என்றுதான் நினைத்தேன். விளக்கேற்றுகிற நேரத்தில் பார்த்தால் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. செருப்புக்கூடப் போடாமல் டாக்ஸியில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் தாமதம் செய்யவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவசர நிலையில் வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாதென்பது அந்நாட்டுச் சட்டம். ஐந்து நிமிஷத்தில் குழந்தையின் முகத்தில் பிராணவாயுக் குழாய் இருந்தது. சிறு மூச்சுக்குழல்களில் கிருமித் தொற்று, மூன்று நாளாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பிறகுதான் ஓர் இளைஞன் வந்து மெதுவாகக் கேட்டான்: "பேபியின் இன்ஷூரன்ஸ் கார்டு?"

என் கார்டை நீட்டினேன். கம்ப்யூட்டரில் பிறந்த தேதியைப் பார்த்தான். தலையை ஆட்டினான். 5,000 திர்ஹம் முன்பணம் கட்டச் சொன்னான். இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். அங்கேயும் கார்டு இல்லாதவர் காசு கட்டியாக வேண்டும். இந்த மூச்சில் ஆம்புலன்ஸில் ஏற்றுவதை டாக்டர் விரும்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை. இந்தப் பக்கம் இவர் செல்போனில் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

எங்கள் கட்டடத்தில் வடகரைக்காரர் குடும்பம் ஒன்று இருந்தது. வடகரை எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். அங்கேயும் அச்சன்புதூரிலும் கடையநல்லூரிலும் வளைகுடா நாட்டுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அக்கா இருபது வருஷம் அங்கே குடித்தனம் செய்தவர். ராத்திரி பத்து மணிக்கு வந்தார். ஒரு கையில் தூக்குச் சட்டியில் கஞ்சி. இன்னொரு கையில் உறையில் 1,500 திர்ஹம். "எண்ணாத, வை" என்றார். இவர் கையில் 2,000 இருந்தது. மீதியை இவருடைய பழைய மெஸ் நண்பர்கள் நான்கு பேர் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அன்றைக்குத்தான் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நின்றுகொண்டிருந்தாராம். வரிசையை விட்டு வந்துவிட்டார்.

மூன்று இரவு. அவற்றைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. குழந்தை வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். மலையாளி. ஊர் புனலூர். செங்கோட்டை மலைப்பாதையில் 2018-ல் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்ததைப் பற்றிப் பேசியே நாங்கள் சிநேகமாகிவிட்டோம். புறப்படுகிற அன்று பில் வந்தது: 9,180 திர்ஹம். நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் காதில், "மோளே, டீடெயில் சோதிக்கணம்" என்றார். மலையாளத்தில் 'சோதிக்க' என்றால் கேட்க. இனவாரியான பில்லைக் கேட்டு வாங்கு என்கிறார் அவர். நானோ நம் தமிழ் அர்த்தத்தில், பில்லைச் சோதித்துப் பார் என்று புரிந்துகொண்டேன். இரண்டுமே நடந்தன. கேட்டோம், நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். கிடங்குக் கணக்குப் பார்க்கிறவர் சும்மா இருப்பாரா? பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே ரத்தப் பரிசோதனை இரண்டு முறை ஏறியிருந்தது. அறை வாடகை மூன்று நாளுக்குப் பதில் நான்கு. கேட்டதும் தகராறு செய்யாமல் கழித்தார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் கைப்பணம் கட்டுகிறவருக்குத் தள்ளுபடி உண்டா என்று அதையும் கேட்கச் சொன்னார் நர்ஸம்மா. உண்டு, ஆனால் கேட்டவருக்குத்தான். கடைசியில் 7,450 திர்ஹம். ரூபாய்க்கு ஏறக்குறைய 1,42,000. கணவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

பணத்தைக் கட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம், அப்பாவிடமிருந்து போன். நவம்பர் 22-ந் தேதி. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, "ஏட்டி, இன்னைக்குத் தென்காசி தனி ஜில்லாவாயிட்டு. ஊரே கோலாகலமா இருக்கு. நான் அனுப்பின காகிதத்துல திருநெல்வேலி ஜில்லான்னுல்லா போட்டிருக்கு? செல்லுமா?" என்றார். மூன்று நாளாகச் சிரிக்காதவர்கள் டாக்ஸி ஸ்டாண்டில் நின்று சிரித்தோம். டாக்ஸிக்காரர், பெஷாவர் பக்கத்துப் பெரியவர், ஒன்றும் புரியாமல் தாமும் சிரித்தார்.

காகிதம் செல்லிற்று. டிசம்பர் முதல் வாரம் பாஸ்போர்ட் வந்தது, பிறகு விசா, டிசம்பர் 18-ந் தேதி இன்ஷூரன்ஸ் கார்டு. அன்றைக்குக் குழந்தைக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

அதன் பிறகுதான் வடகரை அக்காவின் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். பெரிய தகர டப்பா. உள்ளே பிஸ்கட் இல்லை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. பிறப்பு, படிப்பு, கல்யாணம், தடுப்பூசி, பழைய பாஸ்போர்ட், பழைய விசா, ஒவ்வொன்றிலும் நான்கு ஜெராக்ஸ். டப்பா மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் எல்லோருடைய பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இங்கிலீஷில், பெரிய எழுத்தில். எந்த மனு எழுதினாலும் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டுமாம். ஆறாவது வரைதான் படித்த அம்மாள். "புருஷன் பேரைப் பாஸ்போர்ட்டுல ஏத்தாம பிள்ளை பெறாதன்னு எல்லாப் புள்ளைகள்ட்டயும் சொல்லுதேன் தங்கச்சி, யாரு கேக்கா?" என்றார். ஊரிலிருக்கும்போதே திருநெல்வேலிப் பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு மனுவோடு முடிகிற வேலை அது.

அக்காவின் தங்கை ரியாத்தில் இருந்தாள். அவள் கதை வேறு. சவூதியில் 2017 ஜூலையிலிருந்து அயல்நாட்டார் தம் குடும்பத்தில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் மாதம் 100 ரியால் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதாயிற்று. வருஷா வருஷம் நூறு நூறாக ஏறி 2020-ல் 400 ஆயிற்று. மனைவி, மூன்று குழந்தைகள் என்றால் வருஷத்துக்கு 19,200 ரியால். அதையும் அனுமதி புதுப்பிக்கும்போது முன்னதாகவே வைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் அதற்கு மேல் தனி. கணக்குப் போட்டுப் பார்த்த குடும்பங்கள் பல பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டன. அப்படித் திரும்பியவர்களில் அவளும் ஒருத்தி. "அவுக அங்க, நாங்க இங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

எல்லா நாடும் ஒரே மாதிரி என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் போகிறவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய வைத்திய இன்ஷூரன்ஸ் முன்பு வருஷத்துக்கு 15,000 வெள்ளி. 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளி. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேலை செய்கிறவருக்கு மட்டும். மலேசியாவில் குடிமக்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. அமீரகத்திலோ முன்பு துபாயிலும் அபுதாபியிலும் மட்டுமே இருந்த கட்டாய இன்ஷூரன்ஸை 2025 ஜனவரி முதல் மற்ற எமிரேட்டுகளுக்கும் விரித்து, வருஷத்துக்கு 320 திர்ஹமில் ஒரு சிக்கனத் திட்டமும் கொண்டுவந்தார்கள். ஷார்ஜாவுக்கோ அஜ்மானுக்கோ மகளை அனுப்புகிறவர்கள் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

நம் அரசாங்கம் என்ன செய்கிறது? செய்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. பத்தாவது தேறாமல் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், புறப்படுமுன் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். 2017-ல் மாற்றி அமைத்த திட்டப்படி இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ முடமானாலோ 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரை. வேலைக்குப் போன பெண்ணுக்குப் பிரசவச் செலவு 50,000 ரூபாய் வரை. ஏஜெண்டு பிரீமியத்தைக் கட்டிப் பத்திரத்தைத் தம் பீரோவிலேயே பூட்டி வைத்துக்கொள்கிற கதைகளை நான் எங்கள் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். பத்திரத்தின் ஒரு நகல் வீட்டில், உங்கள் அரிசிப் பானைக்குப் பக்கத்திலாவது, இருக்கட்டும். இது தவிர 2009 முதல் நம் தூதரகங்களில் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று உண்டு. தூதரகத்தில் நாம் ஒவ்வொரு காரியத்துக்கும் கட்டுகிற கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் சிறு தொகைதான் அதில் சேருகிறது. கதியற்றுப் போனவரின் அவசர வைத்தியத்துக்கும், ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும், இறந்தவர் உடலை அனுப்பவும் அதிலிருந்து கொடுக்கிறார்கள். நிலைமையை விசாரித்துத்தான் தருவார்கள். ஆனால் மனுக் கொடுத்தால்தானே விசாரிப்பார்கள்?

எங்களுக்கு அந்த நிதி தேவைப்படவில்லை. மெஸ் நண்பர்களுக்கு மாதம் இவ்வளவு என்று திருப்பிக்கொண்டே வந்தோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து சம்பளம் பாதியாயிற்று. கடைசித் தவணை ஜூலையில்தான் கொடுக்க முடிந்தது. வடகரை அக்கா குடும்பம் அதற்குள் வந்தே பாரத் விமானத்தில் ஊர் திரும்பிவிட்டது. அவர் கணவருக்கு வேலை போய்விட்டது. புறப்படுகிற அன்று நான் நீட்டிய உறையை வாங்கவில்லை. "இப்ப ஒங்களுக்குத்தான் வேணும். ஊர்ல வந்து குடு" என்றுவிட்டார்.

2021-ல் நாங்களும் திரும்பினோம். ஊருக்குப் போன மறுநாளே குழந்தையையும் தூக்கிக்கொண்டு வடகரைக்குப் போனேன். 1,500 திர்ஹத்தை ரூபாயாக்கி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை எண்ணித்தான் வாங்கினார். பிறகு உள்ளே போய் அந்தத் தகர டப்பாவை எடுத்து வந்து, ஒரு காகிதத்தில், இன்ன தேதி இன்ன தொகை பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"என்னக்கா, எனக்கும் உங்களுக்கும் நடுவில் ரசீதா?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். "முக்குல ஜெராக்ஸ் கடை இருக்கு. ரெண்டு எடுத்துட்டு ஒண்ண எனக்குக் குடுத்திட்டுப் போ தங்கச்சி."